வெள்ளையடிக்க வேண்டாம், பழுது பாருங்கள்: நகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

நகராட்சி ஆணையர் அவர்களுக்கும், நகர்மன்றத் தலைவர், வார்டு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

பேருந்து நிலையத்தில் தொடங்கி ஆற்றுப் பாலம் வரை உள்ள காம்பவுண்டுச் சுவர்களில் இருக்கும் ஓவியங்களை வெள்ளையடித்து மறைத்துவிட்டு, சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே ஒப்பந்ததாரரிடம் புதுப் படங்கள் வரைய விடுவதாக முடிவு செய்திருக்கிறீர்கள். பழைய படங்கள் உரிந்து ஊருக்கே அசிங்கமாக இருக்கின்றன என்பது நீங்கள் சொல்லும் காரணம். பள்ளிக்கூடத்துச் சுவரில் முதல் பூச்சு வெள்ளை ஏறியும் விட்டது. இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எங்களால் முடியவில்லை. சுவர் எழுதுகிறவர்கள், பெயின்டர்கள், கொத்தனார்கள், ஓவிய ஆசிரியர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

உரிந்திருப்பது உண்மைதான். ஆனால் ஏன் உரிந்தது என்று யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்காமல் அடிக்கிற எந்தப் பூச்சும் அடுத்த ஐப்பசி, கார்த்திகை மழையில் இதே கதிக்குத்தான் வரும்.

தயவுசெய்து ஒருமுறை சுவர் பக்கத்தில் நின்று பாருங்கள். தரையிலிருந்து இரண்டடி, இரண்டரை அடி உயரம் வரைதான் பெயின்ட் கொப்பளித்து உதிர்ந்திருக்கிறது. அதற்கு மேலே நிறம் கொஞ்சம் மங்கியிருக்கிறதே தவிர, நகத்தால் கீறினாலும் பூச்சு வருவதில்லை. உதிர்ந்த இடத்தில் விரலை வைத்துத் தேய்த்தால் வெள்ளையாக மாவு ஒட்டும். அது உப்பு. சுவரை ஒட்டி ஓட வேண்டிய வாறுகால், அதாவது கழிவுநீர் வாய்க்கால், அடைத்து நிற்கிறது. அந்தத் தண்ணீர் அஸ்திவாரச் செங்கல் வழியாக ஓதமாக ஏறுகிறது. ஏறும்போது செங்கலிலும் காரையிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. வெயில் பட்டதும் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் பெயின்டுக்கு அடியில் கட்டி நிற்கும். அது வளர வளர மேல்பூச்சை உள்ளேயிருந்து தள்ளிவிடும். எந்த விலை உயர்ந்த பெயின்டும் இதற்குத் தாங்காது.

சுவரின் தலைப்பிலும், அதாவது உச்சி விளிம்பிலும், கோளாறு இருக்கிறது. மேல்மட்டப் பூச்சு விண்டு, அந்தக் கீறல் வழியாக மழைத்தண்ணீர் இறங்கி, கறுப்பும் பச்சையுமாகக் கோடுகோடாக வழிந்திருக்கிறது. ஆக, ஓவியம் கெட்டது அடியிலும் தலையிலும்தான். நடுவில் உள்ள நான்கைந்து அடி, அதாவது படத்தின் முகமும் கையும் இருக்கிற பகுதி, நன்றாக இருக்கிறது. அதையும் சேர்த்து அழிக்கத்தான் இப்போது பணம் ஒதுக்கியிருக்கிறீர்கள்.

வேலைக்கான மதிப்பீட்டையும் படித்தோம். பழைய பரப்பின் மேல் ஒரு பூச்சு வெள்ளை, அதன் மேல் இரண்டு பூச்சு எமல்ஷன், அதன் மேல் படம். இவ்வளவுதான். சுரண்டுவதற்கு ஒரு வரி இல்லை, பெயின்ட் பிடிப்பதற்காக அடியில் அடிக்கிற பிரைமர் இல்லை, தலைப்புப் பூச்சு இல்லை, வாறுகால் தூர்வாருவது இல்லை. சுண்ணாம்பு வெள்ளை காய்ந்தால் மாவுதான். எமல்ஷன் அந்த மாவைப் பிடித்துக்கொள்ளும். மாவோ அடியில் இருக்கும் வழவழப்பான பழைய பெயின்டைப் பிடிக்காது. முதல் கனமழைக்கு மூன்று அடுக்கும் சேர்ந்து பாளம் பாளமாகக் கழன்று விழும். ஒப்பந்ததாரர் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே பேச்சே இல்லை. மதிப்பீட்டில் உள்ளதை எள்ளளவும் குறைக்காமல் செய்தாலும் முடிவு இதுதான்.

இனி, அழிக்கப்போகிற படங்களில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

பாலத்துக்குப் போகிற நீளச் சுவரில் தாமிரபரணி ஓடுகிறது. மேற்கு முனையில் பாபநாசத்தில் மலை இறங்கி, கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு அணைக்கட்டும் வரிசை பிசகாமல் வந்து, கிழக்கு முனையில் புன்னைக்காயலில் கடல் சேர்கிறது. எந்தக் கால்வாய் எந்த அணைக்கட்டில் பிரிகிறது என்பது வரை எழுதியிருக்கிறது. பள்ளிக்குப் போகிற பிள்ளை தினமும் தன் ஊர் ஆற்றை முழு நீளத்துக்கு நடந்தே பார்க்கிறது. இந்த நெல்லைச் சீமையில் பிசானம், கார் என்ற இரண்டு போக நெல்லும் விளைவது இந்த எட்டு அணைகளால்தான் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல வேறு வழி எங்களுக்குத் தெரியவில்லை.

பேருந்து நிலையத்துப் பக்கம் பத்தமடைப் பாய் நெய்கிற படம். அதில் தறி தரையோடு தரையாக இருக்கிறது, மூங்கில் முக்காலி பாவு நூலைத் தாங்குகிறது, நெய்கிற அம்மா நெய்து முடித்த பாயின் மேலேயே உட்கார்ந்து நீளக் குச்சியால் கோரையை ஊடே செலுத்துகிறார். பக்கத்தில் ஒருவர் கோரையைக் கத்தியால் வகுந்து உள்ளிருக்கும் சோற்றை, அதாவது மெத்தென்ற நடுப்பகுதியை, எடுக்கிறார். இன்னொரு மூலையில் வகுந்த கோரைக் கட்டு ஓடுகிற தண்ணீரில் ஊறுகிறது. சாயத்துக்குச் சப்பங்கட்டைச் சிவப்பையே தேடிப் பிடித்திருக்கிறார்கள். அந்தத் தொழில் தெரிந்தவர்களை நிற்கவைத்துக் கேட்டு எழுதிய படம் அது. நெய்கிற வீடுகளிலிருந்து வருகிறவர்கள் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். இதற்கு மேல் ஒரு சான்றிதழ் ஓவியருக்குத் தேவையில்லை. பிளாஸ்டிக் பாய் கடையெல்லாம் நிறைந்த பிறகு, இது எந்த ஊர்ச் சரக்கு என்று வெளியூர்க்காரர் ஒருவர் நின்று கேட்கிற ஒரே இடம் அந்தச் சுவர்தான்.

அதையடுத்து அம்பாசமுத்திரத்து மரச் செப்புச் சாமான் கடைசல், காருகுறிச்சிப் பானைச் சூளை, காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரம், கூந்தன்குளத்துப் பறவைகளான கூழைக்கடாவும் சங்குவளை நாரையும், வ.உ.சி. கைதானதும் 1908 மார்ச் 13இல் திருநெல்வேலியில் மூண்ட எழுச்சி. எல்லாம் சுற்றி முப்பது, நாற்பது மைலுக்குள் நடந்தவை, நடக்கிறவை.

இவற்றின் இடத்தில் வரப்போகிற மாதிரிப் படங்களையும் பார்த்தோம். ஆலப்புழைப் படகு வீடு. வார்லி உருவங்கள். நடுவில் நின்று போட்டோ எடுக்க விரித்த சிறகு. குப்பைத் தொட்டியோடு சிரிக்கிற குழந்தை. வார்லி மகாராஷ்டிரப் பழங்குடி மக்களின் அருமையான கலை. அவர்கள் வீட்டுச் சுவரில் அதற்கு அர்த்தம் உண்டு. படகு வீடு கேரளக் காயலில் அழகு. ஆனால் இந்தப் படங்களை ஈரோட்டிலோ ஓசூரிலோ எழுதினாலும் ஒன்றுதான், இங்கே எழுதினாலும் ஒன்றுதான். நான்குவழிச் சாலை ஊருக்கு வெளியே போன பிறகு, பெயர்ப்பலகையை எடுத்துவிட்டால் எந்த ஊர் என்றே தெரியாத நிலைக்கு வந்திருந்தோம். அந்தச் சுவர்கள்தான் ஊருக்கு முகத்தைத் திருப்பிக் கொடுத்தன. தூய்மைப் படங்கள் தேவை என்றால் எழுதலாம், நாங்களே எழுதித் தருகிறோம். குப்பைக் கிடங்குச் சுவரும் சந்தைச் சுவரும் காலியாகத்தானே கிடக்கின்றன?

சுவரில் எழுதுவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. நடராசருக்குச் சொல்லப்படும் ஐந்து சபைகளில் சித்திர சபை இருப்பது குற்றாலத்தில். சுவர் முழுக்க ஓவியம். திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் ஏறினால் நிலைக்கு நிலை ஓவியம், கப்பலில் குதிரைகள் வந்து இறங்குவது உட்பட. சுண்ணாம்புக் காரையைப் பக்குவமாக அரைத்துப் பூசி, நாள் கொடுத்து, அதன் பிறகு எழுதியதால் அவை நிற்கின்றன. பல கோயில்களில் பழைய ஓவியங்கள் போனது மழையாலோ வெயிலாலோ அல்ல, திருப்பணி என்ற பெயரில் மேலே அடித்த வெள்ளையால். அதே தவறை நகராட்சிச் செலவில் திரும்பச் செய்ய வேண்டாம்.

வெளியே நடந்ததும் கவனிக்கத் தக்கது. கனடாவில் வான்கூவர் தீவில் செமெய்னஸ் என்று ஒரு சிற்றூர். மரம் அறுக்கும் ஆலையை நம்பியிருந்த ஊர். ஆலை ஆட்டம் கண்ட நேரத்தில், 1982இல், தங்கள் ஊர் வரலாற்றையே சுவர்களில் எழுத ஆரம்பித்தார்கள். மரம் வெட்டியவர்கள், ஆலை, அங்கே வாழ்ந்த பூர்வகுடிகள். அந்தப் படங்களைப் பார்க்கத்தான் இன்றும் ஆட்கள் போகிறார்கள். மங்கியவற்றைத் திருத்தி எழுதுவது அங்கே நிரந்தர வேலை. சென்னைக் கண்ணகி நகரில் 2020இல் குடியிருப்புச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வந்தன. நகரின் பல பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட மக்களின் இடம் அது. முகவரியைச் சொன்னாலே முகம் சுளித்த நகரம் பிறகு படம் பார்க்க வந்தது. படம் எழுதினால் தண்ணீரும் வேலையும் தானாக வந்துவிடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். சுவரோவியத்தால் ஆகக்கூடியது ஒன்று: இது யாருடைய இடம் என்று உரக்கச் சொல்வது. ஊரார் தேர்ந்தெடுத்த படமாக இருந்தால்தான் அது நடக்கும்.

சரி, எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு வருகிறோம். மதிப்பீட்டைத் திருத்தும் பொறியாளருக்கு உதவும் என்பதால் அளவோடு எழுதுகிறோம்.

முதலில் தண்ணீர். வாறுகாலைத் தூர்வாரி, சுவரை ஒட்டிய பக்கம் உடைந்திருக்கும் இடங்களைப் பூசி அடைக்க வேண்டும். சுவர்த் தலைப்பைக் கொத்தி எடுத்து, ஒன்றுக்கு மூன்று சிமென்ட் கலவையில் சாலைப்பக்கமாக இல்லாமல் உள்பக்கமாக வாட்டம் கொடுத்துப் பூச வேண்டும். தலைப்பு சுவரைவிட இரண்டு அங்குலம் வெளியே நீட்டி, அடியில் நீளவாக்கில் ஒரு காடி, அதாவது சிறு பள்ளம், எடுத்தால் தண்ணீர் படத்தின் மேல் வழியாமல் சொட்டி விழும். கொத்தனாருக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை, ஆனால் ஓவியத்தின் ஆயுளே அந்தக் காடியில்தான் இருக்கிறது.

அடுத்து, கீழ்ப்பகுதி உப்பு. அதைக் காய்ந்த நிலையிலேயே கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துத் துடைத்து எடுக்க வேண்டும். எடுத்த எடுப்பில் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். பொரிந்த பூச்சை நல்ல பூச்சு வரும் மட்டும் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூச வேண்டும். புதுப் பூச்சுக்கு நாள்தோறும் தண்ணீர் காட்டி ஆற்றி, 28 நாளாவது விட வேண்டும். அதற்கு முன் எழுதினால் சிமென்டின் காரம் நிறத்தைத் தின்றுவிடும், சிவப்பும் மஞ்சளும் திட்டுத் திட்டாக வெளுக்கும். சுவர் காய்ந்ததா என்று பார்க்க மீட்டர் எதுவும் வேண்டாம். ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விட்டுப் பிரித்துப் பாருங்கள். உள்ளே நீர் முத்து முத்தாக நின்றால் சுவர் இன்னும் தயாராகவில்லை.

பட்டி பார்ப்பதிலும், அதாவது புட்டி பூசிச் சமப்படுத்துவதிலும், பலர் தவறுகிறார்கள். வெளிச்சுவரில் முழுப் பரப்புக்கும் பட்டி இழுத்தால் வழவழப்பாக அழகாய்த்தான் இருக்கும். இரண்டு மழையில் தகடாகக் கழன்றுவிடும். குழி, கீறல் உள்ள இடத்துக்கு மட்டும் வெள்ளைச் சிமென்ட் புட்டி போதும். வீட்டுக்குள் அடிக்கிற புட்டியை வெளியே கொண்டு வரவே கூடாது. அதன் பிறகு உப்புத்தாள் போட்டுத் தூசி துடைத்து, காரம் தாங்கும் வெளிப்புற பிரைமர் ஒரு பூச்சு.

100 அடி நீளம், 8 அடி உயரச் சுவர் 800 சதுர அடி. அதற்கு பிரைமர் 8 முதல் 10 லிட்டர், அடிநிறம் இரண்டு பூச்சுக்கு வெளிப்புற அக்ரிலிக் எமல்ஷன் 15 லிட்டர், படத்துக்கான நிறங்கள் எல்லாம் சேர்த்து 10 முதல் 12 லிட்டர், கடைசியில் நிறமில்லாத அக்ரிலிக் காப்புப் பூச்சு இரண்டு முறைக்கு 16 லிட்டர் என்று வைக்கலாம். டப்பாவில் போட்டிருக்கும் பரப்பளவு வழவழப்பான சுவருக்கானது. சொரசொரப்பான நம் சுவர்களுக்குக் கால் பங்கு கூடவே பிடிக்கும். மலிவு என்று டிஸ்டெம்பர் வாங்கக் கூடாது, பளபளப்பு என்று எனாமலும் கூடாது. எனாமல் சுவரின் மூச்சை அடைத்துக் கொப்பளிக்கும். காப்புப் பூச்சிலும் வார்னிஷ் வகை வேண்டாம், மஞ்சளடித்துவிடும்.

வெள்ளை எமல்ஷனில் ஸ்டெய்னர் என்ற நிறச் சாந்தைக் கொட்டி அடர்நிறம் வரவைப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அளவுக்கு மீறி ஸ்டெய்னர் சேர்ந்தால் பூச்சு இறுகாது, கையில் ஒட்டும், வெயிலில் வெளுக்கும். அடர்நிறங்களைக் கடையில் மெஷினில் கலந்தே வாங்கி, நிற எண்ணைக் குறித்துவைக்க வேண்டும். செங்காவி, மஞ்சட்காவி போன்ற இரும்பு நிறமிகள் நம் வெயிலுக்கு அசையாமல் நிற்கும். பளிச்சென்ற ரோஸ், ஊதா, எலுமிச்சை மஞ்சள் மூன்றும் முதலில் போகும். தெற்கையும் மேற்கையும் பார்த்த சுவருக்கு அந்த மூன்றையும் தவிர்ப்பது நல்லது.

தரையிலிருந்து ஒன்றரை அடிக்குப் படமே வேண்டாம். சாலைச் சேறு தெறிப்பதும், சிலர் சிறுநீர் கழிப்பதும் அங்கேதான். கருஞ்சாம்பலோ அடர்காவியோ பட்டையாக அடித்துவிட்டால், ஆண்டுதோறும் அதை மட்டும் திரும்ப அடித்துக்கொள்ளலாம். கட்டம் போடச் சாக்பீஸும் நூலும் போதும். மார்க்கர் பேனாவால் கோடு போட்டால் எத்தனை பூச்சு அடித்தாலும் ஊறி வெளியே வரும். பள்ளிப் பிள்ளைகளை வைத்து அவசரமாக எழுதிய சுவர்களில் முகத்தின் குறுக்கே நீலக்கோடு தெரிவது இதனால்தான்.

காலமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை மார்கழியில் ஓய்ந்ததும் தையில் கொத்து வேலை, மாசியிலும் பங்குனித் தொடக்கத்திலும் ஓவியம். பிசான அறுப்புக் காலம்தான் சுவர் எழுதவும் ஏற்ற காலம். சித்திரையில் நடுப்பகலில் எழுதினால் பிரஷிலேயே பெயின்ட் காய்கிறது; ஆனியில் சாரல் வந்துவிடும். நிதியாண்டு முடிகிறது என்று மார்ச் கடைசியில் பணி ஆணை கொடுத்து ஒரு வாரத்தில் முடிக்கச் சொல்வது எத்தனையோ சுவர்களைக் கெடுத்திருக்கிறது.

பராமரிப்புக்குப் பெரிய தொகை ஆகாது. மழை ஓய்ந்ததும் ஆண்டுக்கு ஒருமுறை சோப்புத்தண்ணீரும் நைலான் பிரஷும் வைத்துக் கழுவுவது, ஒவ்வொரு நிறத்திலும் அரை லிட்டர் மூடி ஒட்டிப் பெயர் எழுதி வைத்திருப்பது, தேவைப்பட்ட இடத்தில் தொட்டுக் கொடுப்பது. மைதாப் பசை போஸ்டரை இழுத்துப் பிய்க்காமல் கால் மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து பிளாஸ்டிக் தகட்டால் வழித்தால் படம் தப்பும். பொதுச்சுவர்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. அதை நகராட்சி எடுத்துப் பயன்படுத்தினால் பாதி வேலை மிச்சம்.

எங்கள் கோரிக்கைகளைத் தெளிவாகவே வைக்கிறோம்.

வெள்ளையடிக்கும் வேலையை உடனே நிறுத்திவைக்க வேண்டும். ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது என்றால், அதே தொகையில் வேலையின் தன்மையை மாற்றி, வாறுகால், தலைப்பு, கீழ்ப்பூச்சு, பிரைமர் ஆகியவற்றை மதிப்பீட்டில் சேர்த்துத் திருத்திய தீர்மானம் நகர்மன்றத்தில் கொண்டுவர வேண்டும். இருக்கிற ஓவியங்களைப் பழுது பார்ப்பதே முதல் வேலை. அவற்றை எழுதியவர்களையே அழைத்துத் திருத்தி எழுதச் சொல்ல வேண்டும், உரிய கூலியோடு. பிளக்ஸ் வந்த பிறகு பிரஷைக் கீழே வைத்துவிட்ட கையெழுத்துக் கலைஞர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். தமிழ் எழுத்தை ஆறடி உயரத்துக்கு அளவுகோல் இல்லாமல் எழுதுகிற கை அது.

புதுச் சுவர் எதை எடுத்தாலும், என்ன படம் என்பதை அந்தத் தெருக்காரர்களைக் கூட்டி வைத்து முடிவு செய்ய வேண்டும். மாதிரிப் படத்தை வார்டு அலுவலகத்தில் 15 நாள் ஒட்டி வைத்துத் தவறு சொல்ல வாய்ப்பு கொடுக்க வேண்டும். தறியோ ஏரோ நாகசுரமோ, எழுதுவதை அந்தத் தொழில்காரர் ஒருவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். ஒப்பந்ததாரரின் தொகையில் ஒரு பங்கைப் பிடித்துவைத்து, இரண்டு மழைக்காலம் சுவர் தாங்கிய பிறகே விடுவிக்க வேண்டும். பயன்படுத்திய நிற எண்களும் படங்களின் போட்டோக்களும் நகராட்சிக் கோப்பில் இருக்க வேண்டும்.

கடைசியாக, அவசரமான ஒன்று. பள்ளிச் சுவரில் அடித்திருப்பது வெறும் சுண்ணாம்பு. காற்றுப் பட்டு அது இறுகுவதற்குள் ஈரப் பஞ்சும் நைலான் பிரஷும் கொண்டு கழுவினால் அடியிலிருக்கும் படத்தில் பெரும்பகுதியை மீட்டுவிடலாம். நாள் போகப் போக அது கடினம். இந்த ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு ஆட்களும் வாளியும் பிரஷும் எங்கள் பொறுப்பு. சுவரைத் தொட அனுமதிக் கடிதம் ஒன்றும், தண்ணீர் லாரி ஒன்றும் சனிக்கிழமை மாலைக்குள் நகராட்சி தர வேண்டும்.

இப்படிக்கு,
நகரின் சுவர் ஓவியர்கள், பெயின்டர்கள், கொத்தனார்கள், ஓவிய ஆசிரியர்கள்